நாணம் காப்பது எதனை?

நாணம் ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் அறிவுறுத்தியதை நாம் அனைவரும் அறிவோம். நம் பெண்மக்களுக்குச் சிறு வயதிலேயே கற்பிக்கப்படும் முதற்பாடமும் அதுவே. ஆயினும் ஒரு கேள்வியை நாம் எழுப்பிக் கொள்வதில்லை. நாணம் ஒரு காவல் என்றால், அது எதனைக் காக்கிறது? பெண்ணின் மானத்தையும் உடலையும் காக்கிறதா, அன்றி அவளை வாட்டும் நோயையும், அவளைச் சூழ்ந்திருப்போரின் அறியாமையையும் காக்கிறதா? இக்கேள்வியை நான் ஏடுகளிலிருந்து பெறவில்லை. நெல்லியாளத்தில், என் சாச்சியின் வீட்டு அடுப்பங்கரையில் பெற்றேன்.

அடுப்பின் மேல் ஒரு கொடி

நீலகிரி மாவட்டத்தின் மேற்கு ஓரத்தில், பந்தலூர் வட்டத்தில் உள்ளது நெல்லியாளம். உதகை என்றதும் நம் நினைவுக்கு வரும் பூங்காவும் ஏரியும் இங்கில்லை. தேயிலையும் காடும் மழையும் கலந்த மண் இது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ – சாஸ்திரி ஒப்பந்தத்தை அடுத்து இலங்கையிலிருந்து திரும்பிய மலையகத் தமிழர்க்கு வாழ்வளிக்கவென, 1968இல் அரசு தொடங்கிய தேயிலைத் திட்டம் இப்பகுதியில் பல தோட்டங்களை உருவாக்கியது. பின்னாளில் அத்திட்டமே ‘டான்டீ’ என்னும் தமிழ்நாடு தேயிலைத் தோட்டக் கழகமாயிற்று. தோட்டத்து லயன் வீடுகளை அடுத்து என் சாச்சாவுக்கு ஒரு மளிகைக் கடை இருந்தது. பள்ளி நாட்களிலும் பின்னரும் பலமுறை நான் சென்று தங்கியது, அந்தக் கடைக்குப் பின்னாலிருந்த இரண்டு அறை வீட்டில்தான்.

ஆனியில் பிடிக்கும் மழை ஆவணி வரை விடாது. அந்நாட்களில் அங்கே துணி உலர்வதில்லை. ஆகவே அடுப்பின் மேல் ஒரு கொடி கட்டி, சாச்சாவின் சட்டை, பிள்ளைகளின் பள்ளிச் சீருடை, தலையணை உறை யாவற்றையும் அனலில் காயவைப்பார் சாச்சி. அந்தக் கொடியில் ஒரே ஒரு துணிக்கு மட்டும் இடமிருக்காது. மாதவிடாய்த் துணி, விறகு அடுக்குக்குப் பின்னால், ஈரச் சுவரோரம், வேறொரு பழஞ்சேலைக்கு அடியில் கிடக்கும். இம்மாதத்து ஈரம் மறுமாதம் வரை முற்றிலும் போகாது.

அவ்வீட்டில் வெயிலும் அனலும் மிகுதியாக வேண்டியிருந்த துணி உண்மையில் அதுதான். உடலின் மிக மென்மையான பகுதியில் நாள் முழுதும் ஒட்டியிருக்கும் துணி அது. ஈரத்தில் கிருமியும் பூஞ்சையும் பெருகும். வெயில் அவற்றை அழிக்கும். இதனைச் சாச்சி அறியாதவரல்லர். கைக்குழந்தையின் துணியை வெந்நீரில் அலசி, அடுப்பருகே காயவைத்து, கன்னத்தில் ஒற்றிப் பார்த்த பின்னரே கட்டிவிடும் கை அவருடையது. தம் துணி என்று வந்தபோது மட்டும் அந்த அறிவு விறகுக்குப் பின்னால் ஒளிந்து கொண்டது.

இன்று துணியின் இடத்தைப் பெரும்பாலும் நாப்கின் பிடித்துவிட்டது. கோவையைச் சேர்ந்த அருணாசலம் முருகானந்தம் அதனைக் குறைந்த செலவில் செய்யும் எளிய இயந்திரத்தை உருவாக்கி உலகப் புகழ் பெற்றார். தமிழக அரசு 2011இல் ஊர்ப்புறத்து வளரிளம் பெண்களுக்கு நாப்கினை விலையின்றி வழங்கும் திட்டத்தை அறிவித்தது. 2018இல் மத்திய அரசு அதன்மீதிருந்த சரக்கு – சேவை வரியை நீக்கியது. யாவும் பாராட்டுக்குரியவை. எனினும் இன்றும் மருந்துக் கடைக்காரர் அதனைச் செய்தித்தாளில் சுற்றி, கறுப்புப் பையிலிட்டு, வேறு பக்கம் பார்த்தவாறு நீட்டுகிறார். பெண்ணும் திருட்டுப் பொருள் வாங்கியவள்போல் விரைந்து நடக்கிறாள். துணி மாறியது, விறகு அடுக்கு மாறவில்லை.

கொழுந்துக் காட்டில்

சாச்சாவின் கடைக்கு வரும் பெண்கள் பெரும்பாலோர் கொழுந்து பறிப்பவர்கள். விடிந்ததும் இடுப்பில் படங்குச் சாக்கைச் சுற்றிக்கொண்டு சரிவில் ஏறினால், மாலை எடை போடும் வரை மழையும் அட்டையும் அவர்களோடிருக்கும். தேயிலைச் செடிகளுக்கு நடுவே கழிப்பிடம் ஏது? 1951இல் இயற்றப்பட்ட தோட்டத் தொழிலாளர் சட்டம் கழிப்பிட வசதியைக் கட்டாயமாக்கியிருந்தது. ஆனால் கொழுந்துக் காடு ஒரு கட்டடமன்று. நாளுக்கொரு சரிவில் வேலை. ஒதுங்கிச் செல்ல நேரும் ஒவ்வொரு முறையும் கூடையில் கொழுந்து குறையும். இதற்கு அப்பெண்கள் கண்ட வழி, தண்ணீர் குடிக்காதிருப்பது. “தாகத்தை அடக்கினா மத்ததையும் அடக்கலாம்” என்று ஒருத்தி சிரித்துக்கொண்டே சொன்னதை நான் மறக்கவில்லை.

ஆணின் சிறுநீர்த் தாரை ஏறத்தாழ 20 சென்டிமீட்டர் நீளம். பெண்ணுக்கோ சுமார் 4 சென்டிமீட்டர்தான். ஆதலால் கிருமிகள் எளிதில் மேலேறிவிடும். போதிய நீர் குடித்து, அடக்காமல் கழித்து வந்தால் அவை அடித்துச் செல்லப்படும். நீரும் குடியாமல், கழிக்கவும் இடமின்றி, மாதவிடாய் நாட்களில் நனைந்த துணியையோ நாப்கினையோ எட்டு மணிநேரம் மாற்றவும் இயலாமல் நிற்கும் பெண்ணின் உடலில் என்ன நேரும் என்பதை விளக்க வேண்டியதில்லை. எரிச்சல், கடுப்பு, காய்ச்சல், வெள்ளைப்படுதல் யாவும் வரும். வந்ததும் அதனையும் மறைக்க வேண்டும். அப்பெண்கள் இடமின்றி அடக்கினர். வீட்டுக்குள்ளிருந்த நாங்களோ எல்லாம் இருந்தும் நாணத்தால் அடக்கினோம்.

சாச்சி கேட்ட மஸ்அலா

சாச்சிக்கு ஐம்பத்தெட்டு வயதிருக்கும்போது, ஒருமுறை நான் சென்றிருந்தேன். இரவு உணவு முடிந்து, கடையில் சாச்சா கணக்கு எழுதிக்கொண்டிருந்த நேரம். பாத்திரம் துலக்கியவாறே, என் முகத்தைப் பாராமல் சாச்சி கேட்டார்:

“ஏன் புள்ள, நீ படிச்சவ. எனக்கு ஒரு மஸ்அலா சொல்லேன். மாதம் நின்னு ஆறு வருஷமாச்சு. இப்ப மறுபடி படுது. தொழலாமா, கூடாதா?”

எனக்குச் சிறிது பெருமையாக இருந்தது. சாச்சி என்னிடம் கேட்கிறாரே! ஊர் திரும்பியதும் நூல்களைப் புரட்டினேன், தெரிந்தவர்களிடம் கேட்டேன். அடுத்த வாரமே தொலைபேசியில் விடை சொன்னேன்:

“சாச்சி, அது ஹைளு இல்ல, இஸ்திஹாளா. நீங்க தாராளமாத் தொழலாம். சுத்தம் செஞ்சு, துணி வச்சுக்கிட்டு, ஒவ்வொரு வக்துக்கும் புதுசா ஒளு செஞ்சுக்கணும். அவ்வளவுதான்.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் சாச்சி. அந்தக் குரலில் இருந்த நிம்மதி இன்றும் என் காதில் ஒலிக்கிறது. ஒரு வக்தும் தவறாமல் அவர் தொழுதார். பதினொரு மாதம் கழித்து, நடக்க முடியாமல் போனபின் மருத்துவமனைக்குக் கொண்டு சென்றார்கள். கருப்பை வாய்ப் புற்றுநோய், முற்றிய நிலை. அடுத்த ரமளானை அவர் காணவில்லை.

நான் கூறிய சட்டம் பிழையன்று. நூல்களில் உள்ளதைத்தான் சொன்னேன். என் பிழை வேறு. சாச்சியின் கேள்வியில் இரண்டு பொருள்கள் இருந்தன. ஒன்று தொழுகையைப் பற்றியது. மற்றொன்று உடலைப் பற்றியது. முன்னதைக் கேட்க அவருக்கு நாணம் தடையாக இருக்கவில்லை. பின்னதைக் கேட்க அவரிடம் சொல்லே இல்லை. ஆகவே உடலின் முறையீட்டை மஸ்அலா ஒன்றில் பொதிந்து கொடுத்தார். நான் மேலுறையை மட்டும் படித்து விடை எழுதிவிட்டேன். மாதவிடாய் முற்றிலும் நின்ற பின் ஒரு துளி இரத்தம் கண்டாலும் மருத்துவரிடம் காட்ட வேண்டும் என்பதை நான் அறிவேன். அறிந்தும் கேட்கவில்லை, கேட்க எனக்கும் கூச்சமாக இருந்தது.

மதீனாவின் பெண்கள்

இதே கேள்வியை மதீனாவில் ஒரு பெண் கேட்டிருக்கிறார். ஃபாத்திமா பின்த் அபீ ஹுபைஷ் (ரலி) என்னும் அம்மையார், தமக்கு உதிரம் நிற்பதேயில்லை, தொழுகையை விட்டுவிடலாமா என்று பெருமானார் (ஸல்) அவர்களிடமே நேரில் வினவினார். அது ஒரு நரம்பிலிருந்து வருவது, மாதவிடாயன்று என்ற கருத்தில் நாயகம் விடையளித்து, தொழும் முறையையும் கற்பித்தார்கள். இவ்விடையைச் சற்றே கூர்ந்து நோக்க வேண்டுகிறேன். இயற்கையாக வரும் உதிரம் ஒன்று, உடலின் கோளாற்றால் வரும் உதிரம் வேறு என்னும் பாகுபாடு அதில் அமைந்துள்ளது. சட்ட நூலார் இதைக் கொண்டே ஹைளு, நிஃபாஸ், இஸ்திஹாளா எனப் பிரித்து, நாட்களையும் நிறத்தையும் எண்ணி எழுதினர். வழக்கத்துக்கு மாறான உதிரம் ஒரு குறை என்று ஏழாம் நூற்றாண்டிலேயே பெயரிட்டுச் சொல்லப்பட்டிருந்தும், நாமோ அதிலிருந்து தொழுகைச் சட்டத்தை எடுத்துக்கொண்டு, நோய் என்னும் எச்சரிக்கையை விட்டுவிட்டோம்.

அஸ்மா (ரலி) என்னும் அன்சாரிப் பெண்ணின் நிகழ்ச்சியும் கருதத்தக்கது. மாதவிடாய் முடிந்து குளிக்கும் முறையை அவர் கேட்டார். கஸ்தூரி தோய்ந்த துணித் துண்டினால் தூய்மை செய்யுமாறு நாயகம் கூறினார்கள். எப்படி என்று அவர் மீண்டும் வினவ, நபியவர்கள் நாணமுற்றார்கள். உடனே அன்னை ஆயிஷா (ரலி) அப்பெண்ணைத் தம் பக்கம் அழைத்து, உதிரம் பட்ட இடத்தைத் துடைக்கும் வகையை விளக்கிக் கொடுத்தார்கள். கேட்டவளுக்கு விடை கிடைத்தது, நாணமும் காக்கப்பட்டது. நாணம் வந்தபோது கேள்வி அடக்கப்படவில்லை. விடை சொல்லும் பொறுப்பு அதற்கு உரிய கைக்கு மாறியது. அன்சாரிப் பெண்களுக்கு நாணம் அறிவுக்குத் தடையாக நிற்கவில்லை என்று பின்னாளில் அன்னையார் அவர்களைப் பாராட்டவும் செய்தார்கள்.

மாதவிடாய் நாட்களில் பெண்ணை உடன் அமர்த்தி உண்ணாத வழக்கம் அக்காலத்து மதீனாவில் சிலரிடம் இருந்தது. திருக்குர்ஆன் அதனை ஒரு தொல்லை என்று குறித்து, தாம்பத்திய உறவை மட்டுமே விலக்கியது. அந்நாட்களில் அன்னையார் பருகிய கிண்ணத்தில், அவர் வாய் வைத்த இடத்திலேயே வாய் வைத்து நாயகம் பருகியதும், அவர் மடியில் சாய்ந்து குர்ஆன் ஓதியதும் ஹதீஸ் நூல்களில் உள்ளன. நம் நாட்டிலோ, 2018 நவம்பரில் கஜா புயல் வீசிய இரவில், பூப்பெய்தியதற்காகத் தனிக் குடிசையில் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த பட்டுக்கோட்டைப் பகுதிச் சிறுமி ஒருத்தி, தென்னை விழுந்து மாண்டாள். 2025 ஏப்ரலில் கோவை மாவட்டத்துத் தனியார் பள்ளியொன்றில், பூப்பெய்திய மாணவி ஒருத்தி வகுப்புக்கு வெளியே படியில் அமர்ந்து தேர்வெழுத வைக்கப்பட்டாள். இவை மாற்றார் வழக்கங்கள் என்று நாம் ஆறுதல் கொள்ள வேண்டாம். குடிசை கட்டி ஒதுக்காத நாமும், சொல் மறுத்து ஒதுக்குகிறோம்.

சொல்லில்லாத நோய்

இலக்கியத் திங்களிதழில் இதற்கென்ன வேலை, மருத்துவ ஏட்டுக்குரிய செய்தியன்றோ என்று சிலர் கேட்கக் கூடும். மருத்துவர் வருவதற்கு முன் சொல் வரவேண்டும்; சொல் நம் பொறுப்பு. தமிழில் பெண்ணின் மறைவுறுப்புக்குரிய சொற்கள் என்ன ஆயின என்று எண்ணிப் பாருங்கள். ஒரு பாதி அகராதிக்குள் உறங்குகிறது. மறுபாதி தெருச்சண்டையில் வசைச்சொல்லாக வீசப்படுகிறது. தன் உடலைச் சுட்டும் சொல்லைப் பெண் முதன்முதலில் கேட்பதே ஓர் இழிசொல்லாகத்தான். பின்னர் அவள் மருத்துவரிடம் எந்தச் சொல்லால் பேசுவாள்? “அங்கே”, “அடியில்”, “அந்த இடத்தில்” என்கிறாள். சுட்டுச் சொற்களுக்குள் நோய் ஒளிந்து கொள்கிறது.

இந்த மௌனத்தின் அளவை முதலில் உலகுக்குக் காட்டியது மகாராட்டிரத்தின் கட்சிரோலிப் பகுதி. ராணி பங், அபய் பங் என்னும் மருத்துவத் தம்பதியர் இரண்டு சிற்றூர்களில் 650 பெண்களைப் பரிசோதித்து, 1989இல் ‘லான்செட்’ இதழில் முடிவுகளை வெளியிட்டனர். 92 விழுக்காட்டினருக்கு மகளிர் நோய் ஏதேனும் ஒன்றேனும் இருந்தது. அதற்கு முன் அத்தகைய பரிசோதனை செய்துகொண்டவரோ நூற்றுக்கு எண்மரே.

நம் மாநிலத்திலிருந்தே நம்பிக்கை தரும் சான்றும் உண்டு. திண்டுக்கல் மாவட்டத்தில் 2000ஆம் ஆண்டு முதல், 30 முதல் 59 வயது வரையுள்ள பெண்களுக்குக் கருப்பை வாய்ப் பரிசோதனை நடத்தப்பட்டது. பெரிய கருவிகள் ஏதுமில்லை. புளிக்காடியில் உள்ள அசெட்டிக் அமிலத்தின் நீர்த்த கரைசலைத் தடவி, வெண்மையாக மாறும் இடத்தைக் கண்ணால் காணும் எளிய முறை அது. செய்தவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர். சில நிமிட வேலை. 2007இல் வெளியான முடிவுகளின்படி, பரிசோதனைக்கு அழைக்கப்பட்ட பெண்களிடையே அந்நோய் 25 விழுக்காடும், அதனால் நேரும் இறப்பு 35 விழுக்காடும் குறைந்தன. இருந்தும், 2019–21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்போது, 30 முதல் 49 வயதுப் பெண்களில் இப்பரிசோதனையை ஒருமுறையேனும் செய்துகொண்டவர் தமிழகத்தில் நூற்றுக்குப் பத்துப் பேர்கூட இல்லை. நாடு முழுதும் எடுத்தால் இருவர்தாம். சாச்சியின் நோய் பல்லாண்டு மெல்ல வளர்வது. தொடக்கத்தில் கண்டால் தீர்வது. ‘எச்.பி.வி.’ என்னும் வைரஸே அதன் மூலம் என்று காட்டியதற்காக ஹரால்ட் சுர் ஹவுசன் 2008இல் நோபல் பரிசு பெற்றார். தடுப்பூசியும் வந்துவிட்டது, 9 முதல் 14 வயதுக்குள் பெண்பிள்ளைகளுக்குப் போடுமாறு உலக நல நிறுவனம் பரிந்துரைக்கிறது.

நம் மரபில் சொற்பஞ்சம் இருந்ததில்லை என்பதையும் இங்கே நினைவூட்டுவது கடமை. கீழக்கரை மாப்பிள்ளை லெப்பை ஆலிம் (1816–1898) அவர்கள் அரபுத்தமிழில் யாத்த ‘ஃபத்ஹுத் தய்யான்’ போன்ற சட்ட நூல்கள் நம் இல்லங்களில் வழங்கின. அரபுத்தமிழ் எழுத்தைப் பெண்கள் ஓதிப் பழகியிருந்தனர். ஹைளு, நிஃபாஸ், குளிப்பு என்பன இழிவின் சாயல் சிறிதுமற்ற சொற்கள். பாட்டி பேத்திக்குக் கூசாமல் கற்பித்த சொற்கள். சாச்சி என்னிடம் கேட்க முடிந்ததே அந்தச் சொற்களின் தயவால்தான். அவை இருந்த இடம் வரை அவர் நடந்து வந்தார். அதற்கு அப்பால் பாதையில்லை. அதனைப் போட்டிருக்க வேண்டியவர்கள் படித்த நாம்.

நெல்லியாளத்துக்கு அண்மையிலுள்ள கூடலூரில் அப்படி ஒரு பாதை போடப்பட்டதைக் காண்கிறோம். 1990இல் அங்கே தோன்றிய ஆதிவாசி மருத்துவமனை, பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் ஊர்நலப் பணியாளராகவும் பயிற்றுவித்தது. அன்னியரிடம் வாய் திறக்காத பெண், தன் மொழி பேசும் தன் இனத்து மகளிடம் சொல்லுவாள் அல்லவா? அன்னை ஆயிஷா (ரலி) அப்பெண்ணைத் தம் பக்கம் அழைத்த செயல்தான் இது.

இன்பமும் ஒரு ஹக்கு

சாச்சியின் நாற்பதாம் நாள் ஃபாத்திஹா முடிந்தபின் சாச்சா ஒரு சொல் சொன்னார்: “ஒரு வருஷமா ஒதுங்கியே படுத்தா. வயசாயிடுச்சு, அதான்னு நெனச்சேன். கேக்கல.” உறவின்போது நேரும் வலியும் உதிரமும் அந்நோயின் முன்னறிவிப்புகளுள் சேர்ந்தவை. வலிக்கிறது என்று சொல்ல அவருக்கு நாவெழவில்லை. ஏன் என்று கேட்க இவருக்குத் தோன்றவில்லை. முப்பத்தெட்டு ஆண்டுகள் ஒரே கூரையின்கீழ் அன்பாக வாழ்ந்தவர்கள் அவர்கள்.

இங்கே நாம் பேசத் தயங்கும் பொருளுக்கு வருகிறோம். தாம்பத்தியத்தில் பெண்ணுக்கும் இன்பம் உரியது என்பதை ஒப்புக்கொள்ளாத வீட்டில், அவளது வலியும் கேட்கப்படுவதில்லை. இன்பத்தைப் பற்றி ஒருபோதும் வினவப்படாதவள், துன்பத்தை மட்டும் எவ்வாறு எடுத்துரைப்பாள்?

இது மேல்நாட்டுச் சரக்கு என்பாருக்கு, 1111இல் மறைந்த இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களின் ‘இஹ்யா’வைச் சுட்ட விரும்புகிறேன். திருமண ஒழுக்கம் பற்றிய பகுதியில், கணவன் தன் வேட்கை தணிந்ததும் எழுந்துவிடாமல், மனைவியின் வேட்கை தணியும் வரை காத்திருக்க வேண்டும், அவளுக்கு அது தாமதமாக வருவதுண்டு, இடையில் விட்டு அகல்வது அவளுக்குத் துன்பம் என்ற கருத்தை இமாமவர்கள் ஒளிவின்றி எழுதியுள்ளார்கள். கருத்தடைக்காகக் கணவன் விலகிக் கொள்வதற்கு மனைவியின் இசைவு வேண்டும் என்று சட்ட அறிஞர் பலர் உரைத்தனர். மகப்பேறு மட்டுமன்றி இன்பமும் அவள் உரிமை என்பது அவர்கள் காட்டிய காரணங்களுள் ஒன்று. ஆண்மையற்ற கணவனுக்கு ஓராண்டுத் தவணை கொடுத்து, பின்னும் பயனில்லையெனில் மனைவி மணவிலக்குப் பெறலாம் என்று காஜிகளுக்கு விதித்ததும் அவர்களே. இரவும் பகலும் வணக்கத்தில் மூழ்கி மனைவியை மறந்திருந்த அபூதர்தா (ரலி) அவர்களுக்கு, மனைவிக்கும் அவர்மீது ஹக்கு உண்டென்று ஸல்மான் (ரலி) அவர்கள் எடுத்துக்கூற, நாயகம் அதனை ஏற்று உறுதிப்படுத்தினார்கள்.

கலீஃபா உமர் (ரலி) அவர்களின் வரலாறு நம் ஊர்களுக்கு இன்னும் அணுக்கமானது. நகர்வலம் சென்ற இரவில், போருக்குச் சென்ற கணவனை எண்ணி ஒரு பெண் ஏங்கிப் பாடுவதைக் கேட்டார்கள். மகள் ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம், கணவனைப் பிரிந்து ஒரு பெண் எவ்வளவு காலம் பொறுத்திருப்பாள் என்று வினவினார்கள். நான்கு மாதம் என்றும், ஆறு மாதம் என்றும் விடை பதிவாகியுள்ளது. அதற்கு மேல் படைவீரர்களைத் தடுத்து வைக்கலாகாது என்று ஆணை பிறந்தது. ஒரு பேரரசின் ஆட்சித் தலைவர், பெண்ணின் உடல் வேட்கையை ஒழுக்கக் குறைவாகக் கருதவில்லை; அரசாணைக்குரிய பொருளாகக் கொண்டார். இரண்டாண்டுக்கு ஒருமுறை வளைகுடாவிலிருந்து வந்து போகும் கணவன்மாரின் மனைவியரைப் பற்றி நாம் என்றேனும் இவ்வாறு எண்ணியதுண்டா? அவர்களின் பொறுமையைப் புகழ்கிறோம். அதன் விலையைக் கேட்பதில்லை.

மருத்துவ உலகும் இதில் பிந்தியே விழித்தது. பெண்ணின் இன்ப உணர்வுக்கென்றே அமைந்த உறுப்பின் முழு உடற்கூறு, 1998இல்தான் ஆஸ்திரேலியாவின் ஹெலன் ஓ’கானல் என்னும் பெண் அறுவை மருத்துவரால் தெளிவாக வரைந்து காட்டப்பட்டது. வெளியே தெரிவது அதன் சிறு நுனியே. மகப்பேற்றில் அதற்குப் பங்கு இருப்பதாகக் காணோம். இன்பமே அதன் பணி. படைத்தவன் எதையும் வீணாகப் படைக்கவில்லை என்று நம்புகிறவர்கள், இந்தப் படைப்பின் பொருளையும் சிந்திக்க வேண்டாமா? அவ்வுறுப்பைச் சிறுமியர்க்குச் சிதைக்கும் வழக்கத்துக்கு மார்க்கத்தில் ஆதாரமில்லை என்று 2007இல் எகிப்தின் அல்-அஸ்ஹர் அறிஞர் பேரவை அறிவித்ததும் நினைவுகூரத்தக்கது.

எழக்கூடிய மறுப்புகள்

இவற்றைப் பேசினால் கற்பு தளரும் என்பது முதல் அச்சம். நாயகத்தின் அவையில் இவற்றைக் கேட்டவர்கள் சமுதாயத்தின் தலைசிறந்த கற்புடைய மகளிர். அவர்கள் பேச்சில் தளராதது நம் பேச்சில் ஏன் தளர வேண்டும்? பேசாத இடத்தை இழிந்த படங்களும் போலி மருந்து விளம்பரங்களும் நிரப்புகின்றன என்பதே நாம் காணும் உண்மை.

இரண்டாவது மறுப்பு இதனினும் வலிமையுடையது. அதை நான் மதிக்கிறேன். எல்லாவற்றையும் வெளிச்சத்துக்குக் கொண்டு வருவதும் ஒருவகைக் கொடுமை. மறைவாக இருக்கும் உரிமையும் பெண்ணுக்கு உண்டு என்பர் சிலர். உண்மை. படுக்கையறைச் செய்தியை ஊரறியச் சொல்வதை நாயகமும் கண்டித்துள்ளார்கள். ஆனால் மறைவு வேறு, மறைப்பு வேறு. கதவைச் சாத்திக்கொள்வது மறைவு. அதன் சாவி அவள் கையிலிருக்கும். வெளியிலிருந்து பூட்டுவது மறைப்பு. எந்த நாணத்தின் சாவி பெண்ணின் கையில் இருக்கிறதோ, அதனையே ஈமானின் கிளை என்று நான் கருதுகிறேன்.

இனி நம் இல்லங்களில் சொல்லப்பட வேண்டியவை மிகச் சிலவே. அந்தரங்க உறுப்பு உள்ளே தன்னைத் தானே தூய்மை செய்துகொள்ளும். அங்கு வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்கள் புளிப்புத் தன்மையை உண்டாக்கிக் காவல் நிற்கின்றன. ஆகவே வெளிப்புறத்தை நல்ல நீரால் கழுவினால் போதும். சோப்பும் கிருமிநாசினியும் உள்ளே செலுத்துவது கேடு. நிறமற்றோ வெண்மையாகவோ சிறிது கசிவது இயல்பு. அரிப்பும் துர்நாற்றமும் நிறமாற்றமும் நோய். உறவின்போது வலியிருப்பின் அது பெண்ணின் தலைவிதியன்று, மருத்துவம் உண்டு. முப்பது வயதுக்கு மேல் கருப்பை வாய்ப் பரிசோதனை வேண்டும். மாதவிடாய் நின்றபின் உதிரம் கண்டால், மஸ்அலா கேட்கும் அன்றே மருத்துவரையும் கேட்க வேண்டும். இவற்றை மகளுக்குத் தாய் சொல்லட்டும். மகனுக்குத் தந்தை சொல்லட்டும். பெண்கள் மதரஸாவில் ஹைளுப் பாடம் நடத்தும் உஸ்தாதாம்மா, இஸ்திஹாளாவின் சட்டத்தைக் கூறியதும் இந்த ஒரு வாக்கியத்தையும் சேர்த்துச் சொல்லட்டும்.

சென்ற ஆண்டு ஆடி மழையில் நெல்லியாளம் சென்றிருந்தேன். சாச்சியின் மருமகள் எரிவாயு அடுப்பில் தேநீர் வைத்தாள். விறகு அடுக்கு இருந்த இடத்தில் குளிர்பெட்டி நிற்கிறது. சுவரிலிருந்து சுவருக்கு ஒரு கொடி மட்டும் இன்னும் இருக்கிறது. அவளுடைய பதின்மூன்று வயது மகள் என்னருகே வந்தமர்ந்து, “நன்னிம்மா எதுனால மவுத்தானாங்க?” என்று கேட்டாள். வயிற்று நோய் என்றுதான் வீட்டில் இதுவரை சொல்லி வந்தார்கள். தாய் என்னைப் பார்த்தாள். நான் அவளைப் பார்த்தேன். பிறகு அந்த நோயின் பெயரை, அது வந்த உறுப்பின் பெயரோடு, சொன்னேன்.